பேரம் பேசாத டென்மார்க் அம்மாள்

மலையடிவாரத்திலுள்ள தேவாரம் என்ற ஊரில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த தங்கப்பாண்டிக்கு, விலை சொல்வது மட்டும் வியாபாரமில்லை. வாங்க வந்தவர் முகம் சுளிக்க வேண்டும், படியிறங்கிப் போக வேண்டும், இவன் "அட வாங்க, வந்து உக்காருங்க" என்று கூப்பிட வேண்டும், எல்லாம் முடிந்தபின் ஒரு கை கொசுறு அள்ளிப் போட வேண்டும். அதனால் எதற்கும் நூற்றுக்கு இருபது ஏற்றித்தான் விலை சொல்வான். இதில் ஒளிவுமறைவே கிடையாது. ஊருக்கே தெரியும்.

2008-இல் அவனுக்கு இன்டர்நெட் ஆசை வந்தது. அவன் சிநேகிதனான நான் அப்போது பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். வெப்சைட் போட்டுக் கொடுத்தேன். தினமும் காலையில் பேப்பரில் டாலர் ரேட்டைப் பார்ப்பான், வண்டன்மேட்டுச் சந்தையில் ஏலக்காய் என்ன விலைக்கு ஏலம் போனது என்று போனில் கேட்பான், கணக்குப் போட்டு டாலரில் விலை சொல்வான். கடைசியில் அந்த இருபதையும் ஏற்றிவிடுவான்.

"வெப்சைட்டுல எவன்டா பேரம் பேசுவான்?" என்றேன்.

"வேணுங்கறவுக கேப்பாக மாப்ள," என்றான்.

அவன் மனைவி அனுசுயாவுக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கையில்லை. "மொத வெளிநாட்டு ஆர்டர் ஒழுங்காப் போய்ச் சேரணும். இல்லேன்னா கம்ப்யூட்டரை மூட்ட கட்டிட்டு எங்கண்ணன் லாரி செட்டுல போயி உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள். மைத்துனனிடம் கைகட்டி நிற்பதற்குப் பதில் தங்கப்பாண்டி மலையிலிருந்தே குதித்துவிடுவான்.

ஐப்பசியில் ஆர்டர் வந்தது. டென்மார்க்கில் எல்சே என்ற அம்மாள், அரைக் கிலோ ஏலக்காய். போட்ட விலையை அப்படியே கட்டியிருந்தார். கொண்டாட வேண்டிய நேரத்தில் இவன் முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஒரு வார்த்த கொறச்சுக் கேக்கலையே மாப்ள! ஏமாத்திப் புடுங்குன மாதிரில்ல இருக்கு."

"விடுறா, லாபந்தான?"

"என்னத்த லாபம்! சோறு எறங்கல."

சோறு இறங்க அவன் கண்ட வைத்தியம்தான் கொசுறு. இன்னொரு கை ஏலக்காய், மிளகு, கிராம்பு, ஒரு பொட்டலம் காப்பித்தூள் என்று பெட்டியை அடைத்தான். கூடிப்போன எடைக்குத் தபாலாபீசில் கைக்காசைக் கட்டினான். ஆனால் பெட்டிமேல் ஒட்டும் சீட்டில் 'ஏலக்காய் அரைக் கிலோ' என்று மட்டுமே எழுதினான். கொசுறை எவனாவது எழுதிக் கொடுப்பானா?

பார்சல் டென்மார்க் சுங்கத்தில் நின்றுவிட்டது. எல்சே அம்மாளிடமிருந்து மெயில் வந்தது: சீட்டில் இல்லாத பொருள்கள் உள்ளே இருக்கின்றன, அவற்றின் விலை என்ன, எதற்காக வைத்தீர்கள் என்று எழுதிக் கொடுத்தால்தான் விடுவார்களாம். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

"ஏதாவது ஒரு வெலயப் போட்டு விடு," என்றேன்.

குதித்தான். "கொசுறுக்கு வெல போட்டா அது கொசுறாய்யா? அந்தம்மா அதுக்கும் காசு அனுப்பிட்டாகன்னா, நான் எங்கன போயி முட்டிக்கிறது?"

"அப்ப லாரி செட்டுக்குப் போ."

அடங்கினான். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் சொல்றத இங்கிலீசுல அடி," என்றான். "அம்மா, நீங்க கொறச்சுக் கேப்பீகன்னு வெலயில நூத்துக்கு இருவது ஏத்தி வச்சிருந்தேன். நீங்க கேக்கல. அந்த இருவதத்தான் சாமானா உள்ள வச்சிருக்கேன். எல்லாம் நீங்க குடுத்த காசுல அடக்கம்."

"ஏலே, இத அனுப்புனா அந்தம்மா சென்மத்துக்கும் இந்தப் பக்கம் வராது."

"வராட்டிப் போறாக. பார்சலு போய்ச் சேரட்டும்." அதுவரை அவன்மேல் இருந்த எரிச்சல் போய் எனக்குப் பாவமாகிவிட்டது. அவன் சொன்னபடியே அடித்து அனுப்பினேன்.

அந்த மெயிலையே அம்மாள் சுங்கத்தில் காட்ட, பார்சலை விட்டுவிட்டார்கள். அனுசுயா லாரி செட் பேச்சை நிறுத்தினாள். அந்த அம்மாளிடமிருந்து மட்டும் அப்புறம் சத்தமேயில்லை. தங்கப்பாண்டி தினமும் வந்து மெயிலைப் பார்ப்பான், டாலர் ரேட்டை மாற்றுவான், கடைக்குத் திரும்பிவிடுவான்.

மார்கழியில் ஒருநாள் எல்சே அம்மாள் மறுபடி எழுதினார். இந்தத் தடவை இரண்டு கிலோ. கீழே ஒரு வரி: 'விலை அதிகம். நூற்றுக்குப் பத்து குறைப்பீர்களா?'

"அனுசுயா! கொறச்சுக் கேட்டுட்டாகடி!" என்று கத்திக்கொண்டே கடைக்கு ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. தராசுக்கு முன்னால் உட்கார்ந்தவன், திடீரென்று என்னைப் பார்த்தான்.

"பத்துதான கேட்டுருக்காக? மிச்சம் பத்து அப்படியே கெடக்கே மாப்ள."

அனுசுயா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மிளகு டப்பாவை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து, பார்சல் சீட்டை அவன் கையில் கொடுத்தாள்.

"இந்தத் தடவையாவது எழுதிட்டு அள்ளிப் போடுங்க."