கொக்கிக்குக் கீழே பதினாறு கட்டம்

நிலா இத்தனை காலமாகக் கீழே விழாமல் தொங்குவதற்குக் காரணம் பருந்துதான். ஒருநாள் வேலை முடிகிற நேரத்தில் அதைக் கொக்கியில் மாட்டித் தூக்கியவள், இறக்க மறந்து டீ குடிக்கப் போய்விட்டாள். மற்ற கிரேன்காரர்கள் இரும்பைத்தான் தூக்குவார்கள். அவள் மலையையே தூக்கி வைத்துவிட்டு, கொஞ்சம் கோணலாக இருக்கிறதே என்று திரும்ப எடுத்து நேராக வைப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பதினாறு கட்டம் போட்ட ஒரு தாளைப் பார்த்துப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

பருந்து என்பது இரும்புக் கிடங்கில் வைத்த பெயர். கிடங்கின் கூரைக்கு அடியில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரு உத்திரம். அதில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்தாள். நாற்பது அடிக்குக் கீழே அவளுடைய சொந்தத் தம்பி நிற்பான். அவன் சைகைக்காரன். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு, உள்ளங்கையைக் கீழே காட்டினால் இறக்கு, முஷ்டியை மூடினால் நிறுத்து. வீட்டில் சோறு கேட்பதற்கும் அவன் அதே சைகைதான் காட்டுவான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மூன்று டன் கம்பிக்கட்டு ஒன்று அந்தரத்தில் இருந்தது. தம்பி உள்ளங்கையைக் கீழே காட்டினான். பருந்துக்கு முன்னால் இரண்டு கைப்பிடிகள். எது இறக்கும் என்று தெரியவில்லை. பத்தொன்பது வருடம் பிடித்த கைப்பிடிகள் யார் வீட்டுச் சாமானோ போலத் தெரிந்தன. தம்பி மறுபடியும் கையைக் காட்டினான். கம்பிக்கட்டு அவன் தலைக்கு மேலே மெல்ல ஆடியது. அவள் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவளை ஏணி வழியாக இறக்கப் பதினோரு நிமிடம் ஆனது.

மூளையில் சின்ன ரத்தக்கட்டு என்றார்கள். மருந்தில் கரைந்துவிட்டது என்றும் சொன்னார்கள். ஆனாலும் கிடங்கின் டாக்டர் சோதித்துச் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி கூண்டில் ஏறலாம். தேறாவிட்டால் கீழே சாமான் அறையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கையுறை எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

அதற்குப் பயந்தாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. தேறக் கூடாத நிலையில் தேறிவிட்டால்? தேறி, மேலே ஏறி, மறுபடியும் அந்தக் கைப்பிடிகள் யார் வீட்டுச் சாமானாகவோ மாறிவிட்டால்? கீழே நிற்கிறவன் அவன்தானே.

"எனக்கு இருக்கிறது ஒரே மண்டைதான்க்கா, மாத்து கிடையாது. பார்த்துச் செய்," என்று தம்பி சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது.

பழகுவதற்காக டாக்டர் இருபது தாள் கொடுத்திருந்தார். எல்லாம் சின்ன சுடோகு. குறுக்கே நாலு வரி, நெடுக்கே நாலு வரி, மூலைக்கு ஒன்றாக நாலு சதுரம், சதுரத்துக்கு நாலு கட்டம். ஒன்றிலிருந்து நாலு வரையான எண்கள் ஒவ்வொரு குறுக்கு வரியிலும், ஒவ்வொரு நெடுக்கு வரியிலும், ஒவ்வொரு மூலைச் சதுரத்திலும் ஒருமுறைதான் வர வேண்டும். சில எண்களை அச்சிலேயே கொடுத்திருப்பார்கள். மற்றதை நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

வைத்த இடம் மறந்துவிடும் என்று தாள்கட்டை மகளிடம் கொடுத்தாள். மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்தியவள், குறும்பை மட்டும் நிறுத்தாதவள். மாமாவின் செருப்பில் சோப்பு நுரை அடிப்பது, கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைப்பது எல்லாம் அவள் கைங்கரியம்தான்.

முதல் தாளில் பருந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாள். முடியவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டாள். குளிக்கிற சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் வாளியில் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது.

அடுத்த நாளிலிருந்து வந்த தாள்கள் எல்லாம் சமர்த்தாக இருந்தன. எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு வரியில் மூன்று எண்கள் இருக்கும். இல்லாத நாலாவதை எழுதுவாள். அது அடுத்த வரியைத் திறக்கும். மளமளவென்று முடிந்துவிடும். பத்தொன்பது நாளும் அப்படித்தான். பருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது பழையபடி தம்பியைத் திட்டவும் ஆரம்பித்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, சோதனை அறையில் ஒரு மேசை, சுவரில் கடிகாரம், ஜலதோஷம் பிடித்த இளம் பெண் டாக்டர். கதவுக்கு வெளியே பெஞ்சில் தம்பி.

"ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் சொல்லிக்கிட்டே எழுதுங்க. குத்துமதிப்பா எதையும் போடாதீங்க," என்று சொல்லி டாக்டர் ஒரு தும்மல் போட்டார்.

பருந்து தாளைத் திருப்பினாள். மேல் வரியின் முதல் கட்டத்தில் 2. இரண்டாம் வரியின் இரண்டாம் கட்டத்தில் 3. மூன்றாம் வரியில் முதலில் 4, மூன்றாவதாக 3. கடைசி வரியின் மூன்றாம் கட்டத்தில் 2. அவ்வளவுதான். மற்ற பதினொன்றும் காலி.

மூன்று எண் உள்ள வரியைத் தேடினாள். குறுக்கே இல்லை. நெடுக்கே இல்லை. மூலைச் சதுரம் எதிலும் இல்லை. மறுபடியும் தேடினாள். கட்டங்கள் யார் வீட்டுச் சாமானோ போல ஆகத் தொடங்கின.

பென்சிலை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்தாள். கூண்டில் வைத்த அதே மாதிரி.

"முடியலைன்னா சொல்லிடுங்க," என்றார் டாக்டர் மெதுவாக.

"இருங்க டாக்டர். கீழ ஒரு தடவை பார்த்துக்கிறேன்."

கீழே என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கூண்டிலிருந்து பார்த்தால் கிடங்கும் இப்படித்தான் இருக்கும். கட்டம் கட்டமாக. சுமை ஒன்று ஒரு பாதையில் கிடந்தால் அந்தப் பாதை முழுவதும் அடைபட்டது என்று அர்த்தம். போக முடியாத இடங்களை எல்லாம் கழித்தால் வைக்க வேண்டிய இடம் தானாக மிஞ்சும்.

"ரெண்டை எடுத்துக்கிறேன்," என்றாள். "மேல் வரியில ஒரு ரெண்டு இருக்கு. அதனால மேல் வரி முழுக்க அடைச்சாச்சு. மூணாவது நெடுக்கு வரியில ஒரு ரெண்டு இருக்கு. அதுவும் அடைச்சாச்சு. மேல வலது மூலையில மிஞ்சுறது ஒரே கட்டம். ரெண்டாம் வரியோட கடைசி. அங்க ரெண்டு."

எழுதினாள்.

"அதே மாதிரி கீழ இடது மூலை. முதல் நெடுக்கு வரி அடைபட்டது, கடைசிக் குறுக்கு வரி அடைபட்டது. மூணாம் வரியில ரெண்டாவது கட்டம்தான் மிச்சம். அங்கயும் ரெண்டு."

மூன்றாம் வரியில் இப்போது 4, 2, 3. தெரிந்த முகம் ஒன்று கூட்டத்தில் தட்டுப்பட்டதுபோல் இருந்தது. "கடைசியில ஒண்ணு. அப்போ கீழ வலது மூலையில மூணு, ஒண்ணு, ரெண்டு இருக்கு. மிச்சம் நாலு. கடைசி நெடுக்கு வரியில ரெண்டு, ஒண்ணு, நாலு வந்தாச்சு. மேல் முனையில மூணு."

மேல் வரிக்கு வந்தாள். முதலில் 2, கடைசியில் 3. நடுவில் இரண்டு காலி. ஒன்றும் நாலும் வர வேண்டும். எது முதலில்?

கடிகாரத்தைப் பார்த்தாள். பென்சில் முனை தாளில் பட்டது. பாதிக்குப் பாதி வாய்ப்பு. போட்டுவிட்டு வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லிவிடலாம். சரியாக இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

கதவுக்கு வெளியே தம்பி இருமினான்.

அவள் பென்சிலைத் தூக்கினாள். பாதிக்குப் பாதி என்றால், இரண்டு தடவைக்கு ஒரு தடவை கம்பிக்கட்டு அவன்மேல் இறங்கும்.

"இந்த ரெண்டு கட்டம் எனக்கு இப்போ தெரியாது. தெரியாததைத் தொட மாட்டேன்," என்றாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

கண்ணை ஒரு வரி கீழே இறக்கினாள். இரண்டாம் வரியில் 3, 2 இருந்தன. அங்கேயும் ஒன்றும் நாலும்தான் பாக்கி. ஆனால் அதன் முதல் கட்டம் முதல் நெடுக்கு வரியில் வருகிறது. அந்த நெடுக்கு வரியில் ஏற்கெனவே நாலு உட்கார்ந்திருக்கிறது.

"ரெண்டாம் வரி முதல் கட்டத்துல நாலு வராது. அதனால ஒண்ணு. மூணாவது கட்டத்துல நாலு. மேல இடது மூலையில ரெண்டு, ஒண்ணு, மூணு வந்தாச்சு, அதனால மேல் வரியில ரெண்டாவது நாலு, மூணாவது ஒண்ணு. முதல் நெடுக்கு வரியோட அடியில மூணு. கடைசி வரியில மிச்சம் ஒண்ணு."

பதினாறும் நிறைந்தன. அவள் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு மறுபடி சரிபார்த்த பிறகுதான் தாளைத் தள்ளினாள்.

டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினார். "முதல் வாரம் கூண்டுல இன்னொரு ஆளும் கூட இருக்கட்டும். அப்புறம் தனியா போங்க."

வெளியே வந்ததும் தம்பி கேட்பதுபோல் விரலை மேலே காட்டிச் சுழற்றினான். அவள் தலையசைத்தாள். அவன் சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அந்தத் தாளையெல்லாம் எடுத்துட்டு வா," என்றாள்.

வாலு கொண்டுவந்து வைத்தாள். பருந்து ஒரு டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்தாள். இரண்டாவது தாளில் அச்சடித்த எண் ஒன்றின்மேல் தேய்த்தாள். அசையவில்லை. பக்கத்து எண்ணைத் தேய்த்தாள். அசையவில்லை. மூன்றாவது எண் கறுப்பாகக் கரைந்து விரலோடு வந்தது. அடுத்த தாளிலும் ஒன்று கரைந்தது. அதற்கடுத்ததிலும். பத்தொன்பது தாள்களிலும் தாளுக்கு ஒன்று.

"மாமாவா?" என்று கேட்டுப் பார்த்தாள் வாலு.

"மாமாவுக்கு நாலு எழுதத் தெரியும். இந்த நாலு கவுத்துப் போட்ட நாற்காலி மாதிரி இருக்கு. கையைக் காட்டு."

நடுவிரலில் கறுப்பு மை இருந்தது.

"நீ குழாயைத் திறந்துவிட்டு அழுதியே," என்றாள் வாலு. "வாளி வழிஞ்சுது. எனக்குப் பயமா இருந்துச்சும்மா."

பருந்து மகளின் மை படிந்த விரலைத் தன் ஈர விரலால் துடைத்தாள்.

"எனக்கும்தான் பயம். ஆனா நீ கூட்டி எழுதின எண்ணை நம்பி நான் மேல ஏறியிருந்தா, கீழ நிக்கிறது யாரு? உன் மாமன். இன்னைக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு உசுரே போயிடுச்சுடி."

வாலு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நோட்டை எடு. உக்காரு. கிடங்குல, சோதனையில நடந்ததை நான் சொல்றேன். எல்லாத்தையும் நடந்தது நடந்தபடி எழுது. ஒண்ணைக்கூடக் கூட்டக் கூடாது. எழுதி முடிச்சதும் நான் பார்ப்பேன்."

வாலு எழுதினாள். இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் குறும்பு எதுவும் செய்யவில்லை, மாமாவின் செருப்பைத் தவிர. எழுதி முடித்து நோட்டை நீட்டியபோது பருந்து டம்ளரும் கையுமாக வந்து நின்றாள். விரலை நனைத்தாள். முதல் வரியில் வைத்தாள். மை கரைந்தது.

"ஏன்டி," என்றாள், "நிலாவை நான் எப்போ தூக்கினேன்?"