ஐஸ் வாளியும் அடிக்காத மணியும்

மூன்று மணிக்கு வர வேண்டிய வண்டி இரண்டரைக்கே வந்து வாசலில் நின்றுவிட்டது. மைசூரில் எங்கள் சிறிய கம்பெனி செய்த கட்டுப்பாட்டுப் பெட்டி, தடுப்பூசி வைக்கும் ஒரு குளிர் அறைக்குப் போக வேண்டும். அறையில் நான்கு சென்சர்கள். எதில் எட்டு டிகிரியைத் தாண்டினாலும் மணி அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் கெட்டுப்போன மருந்து குழந்தைகளுக்குப் போகும்.

சோதனைக்கு வைத்திருந்த ஃபிரிட்ஜ் அன்று பழுது. என்னோடு வேலை பார்க்கும் கொள்ளேகாலத்து அம்மா, கரும்பு ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து வாளியில் கொட்டினார். முதல் சென்சரை அதிலும் நான்காவதை வெந்நீரிலும் வைத்தோம். திரையில் நான்காவது நாற்பத்தொன்று காட்டியது. மணி அடிக்கவில்லை.

"வயரு லூசா இருக்குமுங்க சார்."

"லூசா இருந்தா நாப்பத்தொண்ணு எப்படிம்மா வரும்?"

வயரை மாற்றினோம். அதேதான். உட்கார முடியவில்லை, ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். அவர் வாளியை நகர்த்துவதற்காக முதல் சென்சரை வெளியே எடுத்தார். சற்று நேரத்தில் மணி அடித்தது.

மணியை அடிக்கும் ஃபங்ஷனை, அந்தச் சிறு நிரலை, சி என்ற கணினி மொழியில் எழுதியது நான். அறைக்கு அறை சென்சர்களின் எண்ணிக்கை மாறும் என்பதால், அவை காட்டும் எண்களை அதற்கு எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் எத்தனை வந்தன என்று அதற்குத் தானாகத் தெரியாது. முடிவை நாம்தான் காட்ட வேண்டும். நான் கடைசியில் ஒரு பூஜ்யம் வைத்திருந்தேன். இரண்டு டிகிரிக்குக் கீழே அறை இறங்காது என்று நம்பியிருந்தேன். ஐஸ் பூஜ்யம் காட்டியதும், எல்லாம் முடிந்தது என்று அது நின்றுவிட்டது. ஆனால் குளிர்காற்றை வீசும் காற்றாடியருகே உறைவதும் கதவருகே சூடேறுவதும் ஒரே அறையில் நடக்கக்கூடியதுதான்.

பூஜ்யத்தை எடுத்துவிட்டு, எண்ணிக்கையை முதலிலேயே சொல்லும்படி மாற்றினேன்.

"எண்ணிக்கைய தப்பாச் சொல்லிப்போட்டா?"

"குறைச்சுச் சொன்னா மிச்சத்தைப் பாக்காது. கூட்டிச் சொன்னா இல்லாததையும் எங்கிருந்தாவது எடுத்துக்கும். எழுதினதைச் சரிபாக்கிற கம்பைலர் இதுக்கெல்லாம் வாயே திறக்காது."

"நல்லா எழுதினீங்க போங்க! படிங்க, நான் எண்றனுங்க."

ஃபங்ஷனை அழைக்கும் ஒவ்வொரு வரியையும் வாசித்தேன். அவர் விரல் மடக்கினார். ஓரிடத்தில் அவருக்கு நான்கு விரல் மடங்கியது. நான் போட்டிருந்தது மூன்று. திருத்திவிட்டு, பழையபடி முதலிலிருந்து வாசித்தேன்.

மறுபடி ஐஸ், மறுபடி வெந்நீர். மணி அடித்தது.

"சாக்கு சார், நில்ஸி!" என்று, போதும் நிறுத்தச் சொல்லி, டிரைவர் காதைப் பொத்திக்கொண்டு வாசலிலிருந்து கன்னடத்தில் கத்தினார்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் இன்னும் வெந்நீரில் வைத்துப் பார்க்கவில்லை. கெட்டிலை மீண்டும் போட்டேன்.