கடலைக் கவரில் போன முடிவு

புத்தகம் எதுவானாலும் கையில் வாங்கியதும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். படிப்பதற்கு அல்ல, இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருநாள் சிரித்துவிட்டார். "முடிவைத் தெரிஞ்சிக்கினு அப்புறம் இன்னாத்துக்குங்க படிக்கிறீங்க?" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. அம்மாவின் தம்பியான என் மாமா, பௌர்ணமிதோறும் பாதையோரம் வறுத்த வேர்க்கடலை விற்பார். கடலை போடும் காகிதக் கவர்களை அம்மா வீட்டில் ஒட்டிக் கொடுப்பாள். பழைய பேப்பர் கடையிலிருந்து வாரப் பத்திரிகைகள் கட்டாக வந்து இறங்கும். அவற்றைத் தாள் தாளாகப் பிரித்து, மைதாப் பசை தடவி, மடித்து, வெயிலில் பரப்பிவைப்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ரேஷன் கடையில் கைநாட்டுதான்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்ற வருடம் அது. அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு அரிசி மில்லுக்குப் போக முடியாமல் போனதில், எதிர்த்த வீட்டு ஆடுகளை மேய்க்கும் வேலை எனக்கு வந்தது. அதில் எனக்கு அப்போது பெரிய வருத்தமில்லை. ஆடுகள் கணக்குக் கேட்பதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மிக் குழவிக்கு அடியில் அம்மா எடுத்துவைத்த கொஞ்சம் தாள்கள் ஒட்டாமல் கிடக்கும். எல்லாம் கதைப் பக்கங்கள். நான் படித்து முடித்த பிறகுதான் அவை பசைக்குப் போகும். நடுநடுவே கூந்தல் தைல விளம்பரங்களும் வந்து சேர்ந்துகொள்ளும். இடுப்புக்குக் கீழே தலைமுடி தொங்கும் ஒரு பெண், கோட்டுச் சித்திரமாக. "இது எதுக்கும்மா இதுல?" என்று எரிந்து விழுவேன். "கெடக்கட்டும், சும்மா பாரு" என்பாள். எனக்குத் தீராத குறை வேறொன்று இருந்தது. எந்தக் கதைக்கும் முடிவு கிடைக்காது. கடைசித் தாள் மட்டும் எப்படியோ கவராகிப் போயிருக்கும். என் ராசி அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

மரகதம் கதை வந்தபோதுதான் பொறுக்க முடியவில்லை. பத்து வருடத்துக்கு முன் கப்பலேறிய புருஷன் திரும்பி வரவில்லை. மழை பெய்கிறது. கதவு தட்டப்படுகிறது. "நான்தான் வந்திருக்கிறேன்" என்று ஒரு குரல். மரகதம் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அதோடு தாள் முடிந்தது. வந்தவன் அவனா, வேறு எவனாவதா?

"அடுத்த தாளு எங்கம்மா?"

"அதெல்லாம் ஒட்டி மாமா எடுத்துக்கினு போய்ட்டான்டா. இன்னிக்குப் பௌர்ணமி இல்ல?"

ஓடினேன். பாதை முழுக்க ஜனம். மாமாவின் கவர் கட்டுகளைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

"இன்னாடா தேடற?"

"மரகதத்தோட புருஷன் மாமா."

"எங்கிட்ட கடலைதான்டா கீது. யாரு புருஷனும் இல்ல. எட்டப் போ, யாவாரம் கெடுது."

அப்போதுதான் கவனித்தேன். கடலை வாங்கிக்கொண்டு நகர்ந்த ஒரு பெரியவரின் கையிலிருந்த கவரில் 'மரகதம்' என்று தெரிந்தது. கேட்டால் கொடுத்திருப்பார். கேட்க வாய் வரவில்லை. பின்னாலேயே நடந்தேன். அவர் ஒவ்வொரு கடலையாகத் தோல் நீக்கி, ஊதி, வாயில் போட்டு, அதை மென்று முடித்த பிறகே அடுத்ததை எடுத்தார். யம லிங்கம் கோயில் தாண்டியும் கவர் பாதிகூடக் காலியாகவில்லை. பக்கத்தில் நடந்த அவர் மனைவி திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, இந்தப் பையன் அப்ப இருந்து நம்ம பின்னாலயே வரான். பசி போல."

"வாடா தம்பி, கேக்கறதுக்கு இன்னா வெக்கம்?" என்று பெரியவர் மிச்சக் கடலையை என் இரண்டு கையிலும் கொட்டினார். கவருக்காகக் கையை நீட்ட முடியாமல் நின்றேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, காலிக் கவரை வாயில் வைத்து ஊதி, உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். டப்! என்னைச் சிரிக்கவைக்கத்தான். நான் அழுதுவிட்டேன். அந்த அம்மா அவரைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

கிழிசல்களைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நான் கதையைச் சொல்லச் சொல்ல அம்மா தண்ணீர் தொட்டு, ஒட்டிய இடங்களை மெல்லப் பிரித்துக் கொடுத்தாள். பாதி வரிகள் போயிருந்தன. கடைசி வரி மட்டும் முழுதாக இருந்தது. மரகதம் "உள்ளே வாங்க" என்கிறாள்.

"கதவைத் தொறந்துட்டாளா?" என்றாள் அம்மா.

"தொறந்துட்டா. வந்தது யாருன்னுதான் தெரியல."

"மழையில நிக்கறவனை உள்ள உட்டாளே, அது போதும்." பிறகு அந்தக் கிழிந்த தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, "இதுல படம் ஒண்ணும் இல்லியேடா" என்றாள், ஏதோ ஏமாந்துபோனவள்போல. கதைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தபடி கடலையைத் தின்றேன். கடலை நன்றாகத்தான் இருந்தது.

வருடங்கள் கழித்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். காத்திருந்தபோது அங்கே கிடந்த ஒரு வாரப் பத்திரிகையை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி என் மடியில் வைத்தாள். "இந்தக் கதை நல்லா இருக்கும் போலக் கீது. படிச்சிச் சொல்லு." பார்த்தேன். குடம் தூக்கிய ஒரு பெண்ணின் படம். சமையல் எண்ணெய் விளம்பரம்.

கூந்தல் தைலக்காரிகள் எல்லோரும் அப்போது வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் நின்ற பிறகுதான் அந்தக் குழவிக்கடியில் தாள்கள் சேர ஆரம்பித்தன என்பதும். முடிவுகள் மட்டும் ஏன் தப்பாமல் பசைக்குப் போயின என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. கதை முடிகிற பக்கத்தில் யாரும் படம் போடுவதில்லை.