நாற்பத்தொரு மார்க் வாங்கிய தோடு

கைசர் ஜஹானுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். கண்ணில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து மேஜைமேல் டக்கென்று வைப்பார். திருவண்ணாமலைத் தேரடி வீதியில் அந்த நகைக்கடையில் பத்தொன்பது வருஷமாக வைரம் பார்ப்பது அவர்தான். அந்த 'டக்' கேட்டால் கடையில் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். புது முதலாளி பாலாஜி மட்டும் மூடமாட்டார். போன வருஷம் அவர் வாங்கிவந்த மிஷினும் மூடாது.

அந்த மிஷினுக்குள் கல்லை வைத்தால், உள்ளே போன வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று படம் எடுத்து, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். இப்போது வெட்டப்படும் கல்லுக்கு அது சரிதான், கைசரே ஒப்புக்கொள்வார். பழைய கல் வேறு ஜாதி. மின்சாரம் வராத காலத்தில், விளக்கு வெளிச்சத்துக்காக ஒருவன் கையால் பட்டை தீட்டியது. மேலே உயரம், கீழே ஆழம், பட்டைகள் அகல அகலமாக இருக்கும். ஒரு பட்டை எரிந்தால் பக்கத்துப் பட்டை அணையும். தலை லேசாகத் திரும்பினால் அணைந்தது எரியும். அசைந்தால்தான் அதன் அழகு. அதைப் பெட்டிக்குள் ஆடாமல் அசையாமல் உட்கார வைத்து, அணைந்த பட்டையையெல்லாம் எண்ணி மார்க்கைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். கழுதையாவது சீட்டு எழுதித் தராது.

பௌர்ணமிக்கு மறுநாள், கடையில் கூட்டம் இல்லாத காலையில், கீழ்பென்னாத்தூரிலிருந்து வேதா டீச்சர் வந்தார். காதில் அவருடைய அம்மா போட்டிருந்த ஒற்றைக்கல் வைரத்தோடு. மகள் கவிநிலாவுக்குக் கல்யாணம். தோட்டை அவளுக்குக் கொடுக்கப் போகிறார். மாப்பிள்ளை வீட்டில் கல்லுக்குப் பேப்பர் கேட்டிருக்கிறார்கள்.

டீச்சர் வாசற்படி ஏறும்போதே கைசர் பார்த்துவிட்டார். செருப்பைக் கழற்றக் குனிந்தபோது இடது காதில் ஒரு பெரிய பொறி, நிமிர்ந்தபோது வலது காதில் ஒன்று. நல்ல கல் என்று மனசு சொல்லிவிட்டது. பிறகு இரண்டு கல்லையும் கழற்றிச் சுத்தம் செய்து மிஷினில் வைத்தார். இரண்டுக்கும் ஒரே மார்க். நாற்பத்தொன்று.

"அய்யய்யோ, ஃபெயிலா?" என்றார் டீச்சர். முப்பது வருஷம் மார்க் போட்ட கை அவருடையது. மார்க் கம்மி என்றாலே முகம் விழுந்துவிடும்.

"நடுவுல பாருங்க, ஓட்டை மாதிரி தெரியுது" என்று பாலாஜி திரையைத் திருப்பிக் காட்டினார். "குடுங்க, புதுசா வெட்டித் தர்றோம். தொண்ணூறைத் தாண்டிடும்."

கைசரின் பூதக்கண்ணாடி டக்கென்று இறங்கியது.

"ஓட்டை இல்லீங்க டீச்சர். அடிமுனை ஒடையாம இருக்கணும்னு அந்தக் காலத்துல அதைத் தட்டையா விடுவாங்க. இப்படி வாங்க." கூரையில் எரிந்த விளக்குகளின்கீழ் சோடா பாட்டில் சில்லும் ஜொலிக்கும், அதனால் டீச்சரை வாசலுக்கே அழைத்துப்போனார். கல்லைச் சாமணத்தில் பிடித்து, பேசும்போது தலை ஆடுவதுபோல் மெல்ல ஆட்டினார். வெள்ளையாக ஒரு பட்டை எரிந்தது, அணைந்தது, அடுத்து ஆரஞ்சு, அடுத்து நீலம்.

டீச்சர் இன்னும் கிட்டே வந்து பார்த்தார். "எங்கம்மா சிரிச்சா இப்படித்தான் இருக்கும்" என்றார்.

"இதைப் போய் வெட்டணுமா? புதுக் கல்லு வாங்குறவங்க, ஒத்துக்குதான்னு மூணு நாள் வீட்ல வெச்சுப் பாக்குறாங்க. உங்கம்மா கல்லுக்கு மூணு நிமிஷம்தானா?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் தலையாட்டவில்லை. "அவங்க பேப்பரைத்தான் பாப்பாங்க மேடம். நாப்பத்தொண்ணுன்னு போயி நின்னா எம்பொண்ணைக் குத்திக் காட்டுவாங்க."

கைசருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யார்மேல் எரிவது என்றுதான் தெரியவில்லை. பாலாஜி சீட்டை நீட்டினார். அதில் மார்க்குக்கு ஒரு கட்டம், கையெழுத்துக்கு ஒரு கட்டம். கண் பார்த்ததை எழுத இடமே இல்லை. ஆனால் கைசர் கையெழுத்து இல்லாமல் அந்தச் சீட்டு செல்லாது, கல்லும் வெட்டப் போகாது.

"போடுங்க மேடம். மிஷினுக்கு என்ன ஓரவஞ்சனையா? மார்க் சரிதானே?"

மார்க் சரிதான். மிஷின் காட்டியது நாற்பத்தொன்றுதான். கைசர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து, வெட்டக் கொடுத்த கல் திரும்பி வந்தது. மூன்றில் ஒரு பங்கு பொடியாகப் போயிருந்தது. மார்க் தொண்ணூற்று மூன்று. பாலாஜி திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

வேதா டீச்சர் தோட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். விளக்கின்கீழ் அது சரம் சரமாக மினுங்கியது. பிறகு அவராகவே வாசலுக்குப் போனார். தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சிரித்தும் பார்த்தார். பொடிப்பொடியாக நிறைய மின்னியது. பெரிய பொறி ஒன்றுகூட வரவில்லை.

திரும்பி வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. "பழையபடி ஆக்க முடியுமா மேடம்?"

"வெட்டினது வெட்டினதுதாங்க டீச்சர்."

"உங்களுக்குத்தான் அன்னிக்கே தெரிஞ்சிருந்துச்சே. நான் டீச்சரு, மார்க்கைப் பாத்துப் பயந்துட்டேன். நீங்க ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

மார்க் சரியாக இருந்தது என்ற பேச்சு கைசரின் நாக்குவரை வந்தது. அதை வெளியே விட வெட்கமாக இருந்தது. டீச்சர் தொண்ணூற்று மூன்று மார்க் பேப்பரை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

அன்று மத்தியானமே ஒரு பழைய எட்டுக்கல் பேசரி மூக்குத்தி வந்தது. முப்பத்தெட்டு. மூக்குத்திக்குச் சொந்தக்காரி சந்திரகலா எதிரில் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்க, பாலாஜி வழக்கம்போல் சீட்டை நீட்டினார்.

கைசர் பேனாவை மூடி வைத்தார்.

"மார்க்கு உங்க மிஷின் போட்டதுதானே தம்பி? கையெழுத்தையும் அதையே போடச் சொல்லுங்க. நீங்க வாங்கம்மா, வாசலுக்குப் போய்ப் பாக்கலாம்."