புளி போட்டு விளக்கிய பட்டாளத்துப் பொத்தான்

பேருந்து சன்னலில் புதிதாக உழுத நிலத்தைப் பார்த்ததுமே, இங்கே மெட்டல் டிடெக்டரை ஓட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றுகிறது. அனுமந்தன்பட்டியில் இறங்கி, நிலத்துக்காரரான பாண்டியம்மா அக்காவிடம் கேட்கிறேன்.

"தோண்டுங்க தம்பி. குழிய மட்டும் மூடிருங்க."

கொஞ்ச நேரத்திலேயே கருவி கத்துகிறது. பச்சைக் களிம்பேறிய பித்தளைப் பொத்தான்! மேலே மங்கலாக ஒரு கிரீடம். அதன் வடிவம் தெரிந்தால்தான் காலத்தைச் சொல்ல முடியும். பொத்தானைப் பம்புசெட்டுத் திண்டில் வைத்துவிட்டு, பையில் தூரிகையைத் தேடித் திரும்புவதற்குள், அங்கே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அக்கா அதையும் புளி போட்டுத் தேய்க்கிறார்.

"ஐயோ அக்கா, அழிஞ்சிரும்!"

"வெளக்காம என்னத்தய்யா தெரியும்? எங்க மாமனாரோட அப்பா பட்டாளத்துல இருந்தாக. அவுகளுதானான்னு பாத்துச் சொல்லு."

மிச்சமிருந்த தங்க முலாம் போய்விட்டது. ஆனால் கிரீடம் பிழைத்திருக்கிறது. உச்சி நடுவில் பள்ளமில்லாமல் உருண்டிருக்கிறது.

"ராணி கிரீடம்னா நடுவுல குழிஞ்சிருக்கும். இது வெள்ளைக்கார ராஜா காலம். ஆனா யாரு சட்டைன்னு இது சொல்லாதுக்கா."

"அவுக காலந்தான? அது போதும்யா. நீ கொண்டுபோயி நல்லாப் பாத்துட்டுக் குடு."

என் பெயரைக்கூடக் கேட்காமல் என் கையில் வைக்கிறார். நெஞ்சு நிறைகிறது. பின்பக்கம் பொத்தானைச் செய்த கம்பெனியின் பெயர் இன்னும் மண் மூடிக் கிடக்கிறது. இன்றிரவு அதைப் பல்குச்சியால், மெதுவாகச் சுரண்ட வேண்டும்.