இலை பொடிக்கும் அக்கா

"நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டுக்கொண்டே அக்கா கல்வத்தில் இலையைப் போடுகிறார். திரவ நைட்ரஜனை ஊற்றியதும் வெண்புகை எழுந்து முழங்கை வரை மூடுகிறது. விறைத்துப்போன இலை குழவிக்கடியில் நறநறவென்று பொடியாகிறது. பதில் வர இரண்டு நாளாகும். பொடியிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்து அதில் குறிப்பிட்ட சில இடங்களைப் பார்த்தால் மரத்துக்கு மரம் வேறுபடும் அடையாளம் தெரியும். பாதி தாய் கொடுத்தது, பாதி தகப்பன் கொடுத்தது.

மலை மரங்களை ஆராயும் இந்தக் கூடத்தில் அவருக்கு இருபத்து மூன்று வருடம். நான் அடுத்த அறையில் நூலகம் பார்க்கிறேன். இரண்டாயிரம் மரங்களுக்கு மேல் அவருக்கு எண் வாரியாகப் பழக்கம். "நானூத்திப் பன்னெண்டா? சரியான அழுத்தக்காரி. லேசுல எதையும் குடுத்துட மாட்டா." ஆனால் ஒரு மரத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. மூச்சிரைப்பு. மலையேறுவதெல்லாம் கூடத்துக்கு இலை பறித்து வரும் தம்பிதான்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், "ஃப்ரிட்ஜ் இருக்கு" என்பார். இரண்டு டம்ளர் வாங்கினால் தள்ளுபடி என்று வாங்கியதில் ஒன்று இன்னும் காகிதச் சுற்றோடு அலமாரியில் இருக்கிறது. வெளிநாட்டு அண்ணன் எப்போதாவது பேசுவார். "இன்னும் இலையைத்தான் பொடிச்சிட்டிருக்கியா?" அக்கா சிரிப்பார். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு சற்று நேரம் முகத்தில் மிச்சமிருக்கும்.

போன வருடம் மலையடிவாரக் காட்டிலிருந்து அறுபது கன்றுகளின் இலை வந்தது. நாற்பத்தொரு கன்றுகளுக்கு அந்தக் காட்டிலேயே தகப்பன் மரம் கிடைத்துவிட்டது. பத்தொன்பதுக்குக் கிடைக்கவில்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லு. மேல வேற மரமே இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்குக்கா. உச்சியில, மொட்டைப் பாறைக்குப் பக்கத்துல. காய்க்காத மரம். அதை யாரு கணக்குல எடுப்பா? அடுத்த மாசம் அங்க செல்போன் கோபுரம் வருது, வெட்டிடுவாங்க."

"வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு இலை கொண்டா."

பத்தொன்பதில் பதினான்கு பொருந்தின. கூடத்தின் இயக்குநர் அக்கா காட்டிய தாளைத் தள்ளிவைத்தார். "இந்த இனத்துல ஆண் மரம் காய்க்காது; அது ஆண் மரம்தான், ஒத்துக்கறேன். ஆனா நடுவுல அவ்வளவு பெரிய பள்ளத்தாக்கு. காத்துல மகரந்தம் அவ்வளவு தூரம் வராதும்மா. எங்கயோ இலை மாறிப்போச்சு." அக்கா புது இலை வரவழைத்து முதலிலிருந்து செய்தார். மறுபடியும் பதினான்கு. மூன்றாவது முறையும் பதினான்கு.

இயக்குநர் ஒருவழியாக நம்பி, கோபுரக்காரர்களோடு ஏற்பாடு செய்த கூட்டத்துக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு அக்காவும் போனார். காய்க்காத ஒற்றை மரத்தால் யாருக்கு என்ன லாபம் என்று அவர்களில் ஒருவர் கேட்டார். இயக்குநர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தார்.

"அது காய்க்காது சார். பதினாலு புள்ளைக்கு அப்பன் அது. கீழ இருக்கற மரமெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தம். நமக்குத் தெரிஞ்சு வெளியிலிருந்து புது ரத்தம் குடுக்கறது அது ஒண்ணுதான். மூணு தடவ பாத்துட்டேன். சந்தேகமா இருந்தா நாலாவது தடவையும் பாக்கறேன்."

கோபுரம் எண்பதடி தள்ளிப் பாறைமேல் போனது. அறிக்கையில் இயக்குநரின் பெயர் மட்டும் இருந்தது. அதைப் பற்றி நான் அக்காவிடம் கேட்டதற்கு, "மரம் நிக்குதுல்ல" என்றார்.

சென்ற மாதம் மூச்சிரைப்பு மருந்துக் குழலைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா மலை ஏறினார். நானும் தம்பியும் கூடப் போனோம். பத்தடிக்கு ஒருமுறை நின்று, இரண்டு மணி நேர வழியை ஐந்து மணி நேரத்தில் கடந்தோம். மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்தது. சுற்றிலும் புல்லும் பாறையும் மட்டுமே.

தம்பி போனை எடுத்தான். "சேந்து நில்லுங்கக்கா, ஒரு போட்டோ."

"வேணாம்ப்பா. அதுக்குத் தனியா நின்னே பழகிப்போச்சு" என்றவர், "நீங்க ரெண்டு பேரும் முன்னால இறங்குங்க, வந்துடறேன்" என்றார்.

வளைவில் திரும்பிப் பார்த்தேன். காற்று பலமாக அடித்தது. அக்கா மெல்ல மரத்தைச் சுற்றி நடந்து, காற்று வரும் பக்கமாகப் போய், மூன்று மாடி உயரமுள்ள அந்த மரத்துக்கு மறைப்பாக நின்றுகொண்டார்.