மாமனின் கெண்டைக்கால்

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க டாக்டர் தேவைப்பட்டதில்லை. அப்பா ஒரு பார்வை பார்ப்பார், அதோடு சரி. தலைவலி என்றால் வெயிலில் சுற்றியது, வயிற்றுவலி என்றால் கண்டதைத் தின்றது, அலுப்பு என்றால் திமிர். மாமாவுக்கு இந்த மூன்றாவது வியாதிதான் என்று அப்பா முடிவு செய்திருந்தார்.

எண்பதுகளின் கடைசியில், திருப்பூருக்கு வடக்கே நெருப்பெரிச்சலில், அப்பாவுக்கு நான்கு நிட்டிங் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மாவின் தம்பியான மாமா எங்கள் வீட்டிலேயே தங்கி, மிஷினிலிருந்து இறங்கும் துணி ரோல்களைச் சுமந்து வண்டியில் ஏற்றுவார். தோளுக்கு ஒன்றாக இரண்டு ரோல்களைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவார். போகிற போக்கில் என் சடையையும் இழுத்துவிட்டுப் போவார்.

எனக்கு எட்டு வயது முடிந்த சமயத்தில் அவர் மெதுவாகிப் போனார். முதலில் இரண்டு ரோல் ஒன்றானது. அப்புறம் அந்த ஒன்றையும் பாதிப் படியில் இறக்கி வைத்துவிட்டு நின்றார். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால், எழும்போது தொடையில் கையை ஊன்றித்தான் எழுந்தார். கொதிக்கிற வெயிலிலும் குளிருகிறது என்று இரண்டு பனியன் போட்டுக்கொண்டார். தொண்டை கட்டிப்போய், பேச்சு வாயை விட்டு வரவே நேரமானது. முகம் உப்பிவிட்டது.

இவ்வளவு நடந்தும் யாருக்கும் அவர் மேல் இரக்கம் வரவில்லை. காரணம் அவருடைய கால்கள். கெண்டைக்கால் இரண்டும் நாளுக்கு நாள் பருத்து, கல்லாட்டம் இறுகி, மல்யுத்தக்காரனின் கால்கள் போலாகிவிட்டன. கம்பெனியில் அவருக்குப் பயில்வான் என்று பட்டம் கட்டினார்கள்.

"அக்கா, காலுக்குள்ள யாரோ ஈரத்துணியப் போட்டு முறுக்கிப் புழியற மாதர இருக்குதுங்க" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "தேச்சுவிடு, தேச்சுவிடு. தின்னு தின்னு எப்படிக் கொழுத்திருக்குது பாரு" என்பார். நாங்கள் சிரிப்போம். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிடுவது எங்கள் வீட்டில் பாதுகாப்பான பழக்கம்.

அந்த வருஷமும் பங்குனி உத்திரத்துக்குத் தீர்த்தக் காவடி எடுத்தோம். தறியை விட்டுவிட்டுப் பனியனுக்கு வந்தாலும் முருகனை விடாத குடும்பம் எங்களுடையது. கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் தீர்த்தம் எடுத்து, செம்புகளில் கட்டிக் காவடியாகச் சுமந்து பழனிக்கு நடப்பார்கள். அதற்கு முன்பே மாலை போட்டு விரதம் இருக்க வேண்டும். எனக்கும் முதல் தடவையாக மாலை போட்டுவிட்டிருந்தார்கள். மாலை போட்டவர்கள் பொய் பேசக்கூடாது, எச்சில் தின்னக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்று அம்மா சொல்லிச் சொல்லி, எனக்கு என்னைக் கண்டாலே ஒரு மரியாதை வந்திருந்தது. எங்கள் குடும்பத்துக் காவடியை எப்போதும் மாமாதான் சுமப்பார். அதுதான் அவருக்கு எங்களிடையே இருந்த ஒரே கௌரவம்.

கொடுமுடியில் குளிக்கும்போது என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்குவது மாமாவின் வழக்கம். அன்று நான் அடம்பிடித்து ஏறினேன். இடுப்பளவு தண்ணீருக்குப் போனதும் அவர் கால் மடங்கி, நான் தலைகுப்புற விழுந்து தண்ணீர் குடித்தேன். பெரியப்பா பிள்ளைகள் கரையில் நின்று கைகொட்டிச் சிரித்தார்கள். மாமா என்னைத் தூக்க வந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். வேண்டுமென்றே போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு பெரிய காலை வைத்துக்கொண்டு ஒரு மனிதரால் என்னைச் சுமக்க முடியாது என்று எப்படி நம்புவது?

ஆண்கள் நடக்க, நாங்கள் வேனில் சமையல் சாமான்களோடு பின்னாலேயே போனோம். மறுநாள் முற்பகல் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் இளைப்பாறினார்கள். காவடியை வெறும் தரையில் வைக்கக்கூடாது என்பதால் கயிற்றுக் கட்டிலில் வேட்டி விரித்து வைத்திருந்தார்கள். திரும்பக் கிளம்பும்போது சுமப்பவர் மண்டியிட்டுக் கும்பிட்டு, காவடியைத் தோளில் வாங்கிக்கொண்டு எழ வேண்டும்.

மாமா மண்டியிட்டார். தோளில் வைத்தார்கள். எல்லோரும் அரோகரா போட்டார்கள். மாமா எழவில்லை. இன்னொரு முறை போட்டார்கள். ஒரு கையைத் தொடையில் ஊன்றி, பல்லைக் கடித்துப் பாதி எழுந்தார். அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து காவடியோடு விழுந்தார். செம்பு உருண்டு காவிரித் தண்ணீர் புழுதியில் ஓடியது.

யாரும் அவரைத் தூக்கவில்லை. முதலில் காவடியைத் தூக்கினார்கள்.

"ஏன்டா மாப்ள, மாலையப் போட்டுட்டுக் குடிச்சுப்போட்டு வந்திருக்கறயா?" என்று அப்பா கத்தினார்.

"இல்லீங்க மச்சான்... காலு... நிக்க மாட்டீங்குதுங்க" என்றார் மாமா. அந்தக் கட்டைக் குரலில், ஒவ்வொரு சொல்லாக இழுத்து. உப்பிய முகம், தள்ளாட்டம், குழறல். குடிகாரன் என்று சொல்ல இன்னும் என்ன வேண்டும்?

பெரியவர் ஒருவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். பெரிய ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பேசுவார்கள். மாலை போட்ட குழந்தை பொய் சொல்லாது. இவளை விட்டு அவன் வாயை மோந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அப்பா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"போ கண்ணு. மோந்து பாத்துச் சொல்லு. சாமி பாத்துட்டிருக்குது."

மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்தேன். அவர் வாயைத் திறந்தார். திருநீறு வாசமும் வெறும் வயிற்று வாசமும் அடித்தன. வேறொன்றும் இல்லை. எனக்கு ஆற்றங்கரைச் சிரிப்புதான் ஞாபகத்தில் இருந்தது.

"ஆமாங்கப்பா, அடிக்குதுங்க" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் மாலை கழுத்தில் கனத்தது. மாமா மறுப்பார், என்னை இன்னொரு தடவை மோந்து பார்க்கச் சொல்வார்கள், அப்புறம் வேறு யாரையாவது விட்டுப் பார்ப்பார்கள், பொய் வெளியே வரும், அப்பா அந்த இடத்திலேயே என் தோலை உரிப்பார் என்று பயந்தேன். மாமா என்னையே பார்த்தார். அவருக்கு எதுவும் மெதுவாகத்தான் வரும். அதுவும் மெதுவாகத்தான் வந்தது.

"ஆமாங்க மச்சான். கொஞ்சம் குடிச்சுப்போட்டனுங்க" என்றார்.

அம்மா முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள். அப்பா மாமாவின் மாலையைப் பிடித்து இழுத்தார். அறுந்து மணிகள் சிதறின. காவடியைச் சித்தப்பா வாங்கிக்கொண்டார். மாமாவைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். படியில் ஏற அவருக்கு வெகுநேரமானது. கண்டக்டர், "பயில்வான் சார், சீக்கிரம் ஏறுங்க" என்றார். எங்கள் கூட்டமே சிரித்தது.

அதன் பிறகு மாமா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பெருமாநல்லூரில் ஒரு பாயின் பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் ஆனார். அவர் எழுந்து வந்து கேட்டைத் திறப்பதற்குள் வண்டிக்காரர்கள் திட்டித் தீர்ப்பார்களாம். மூன்று வருஷம் இப்படியே போயிற்று. கடைசியில் பாய்தான் ஒருநாள், "என் சம்சாரத்துக்கும் இதே மாதிரி குரல் கட்டி, மூஞ்சி உப்பிச்சு. வாங்க, ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாப்போம்" என்று கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனார். டாக்டர் காலில் சின்னச் சுத்தியலால் தட்டினாராம். தட்டியதும் உதறிய பாதம் பழைய இடத்துக்குத் திரும்ப அவசரமே காட்டவில்லையாம். தைராய்டு சுரப்பி வேலை செய்வது குறைந்தால் தசைகள் இப்படித் தளர்ந்துவிடும், சிலருக்கு ஊதிப் பருத்தும் போகும், ஆனால் உள்ளே பலம் இருக்காது என்றாராம். சோம்பிக் கிடந்தது கழுத்திலிருந்த சுரப்பிதான். மருந்து, தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. அதை விழுங்க ஆரம்பித்துச் சில மாதங்களில் பருத்த கால்கள் வற்றி, சாதாரண மனிதனின் கால்களாகி, அவரால் மூட்டை தூக்க முடிந்தது.

அப்பாவிடம் அம்மா இதைச் சொன்னாள். "அதுக்கும் குடிச்சதுக்கும் என்ன சம்பந்தம்? அவனே ஒத்துக்கிட்டான்" என்றார். அப்பா சாகும்வரை சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்ற வைத்திருக்கக் கூடியவள் நான் ஒருத்திதான். நானும் வாயைத் திறக்கவில்லை. இதை இப்போது எழுதுவதால் அது ஒன்றும் நேராகிவிடாது.

ப்ளஸ் டூ படிக்கும்போது அம்மாவுக்குத் தெரியாமல் ஒருநாள் பெருமாநல்லூருக்குப் போய் மாமாவைப் பார்த்தேன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவருடைய குரல் தெளிந்திருந்தது.

"அன்னிக்கு ஏனுங் மாமா ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"நீ மாலை போட்டிருந்தயே அம்முணி" என்றார். டீ ஆறுகிறது, குடி என்றார்.

வெள்ளகோவில் புளியமரத்தடியில் நின்ற அந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் ஒத்துக்கொண்டதும் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் பெரிய நிம்மதி வந்தது. மாமா உண்மையிலேயே குடித்திருக்கிறார், தன் மூக்குக்குத் தெரியாதது முருகனுக்குத் தெரிந்து அவனே தன் வாயில் வந்து சொல்லியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். பஸ் போனதும் இலை போட்டார்கள். அவள் நல்ல பசியோடு, ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.